லொறியேறும் முன்: பழைய கைக்கருவிகளை இனங்காண்பதும் மீண்டும் பாவிப்பதும்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பாவித்த கைக்கருவிகளுக்கென்று தனிக் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவை பழைய இரும்புக் கடைகளின் குவியலுக்குள் கிடக்கின்றன; வெளிநாடு போகும் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்கும்போது முற்றத்து மூலையில் சாக்கோடு கிடக்கின்றன; திணைக்களங்கள் பாவனைக்குதவாத பொருட்களைப் பகிரங்க ஏலத்தில் விடும்போது உடைந்த கதிரைகளின் அடியிலிருந்து வெளிவருகின்றன; பழைய இரும்பும் போத்தலும் கேட்டுத் தெருத் தெருவாக வரும் வியாபாரியின் சைக்கிளிலும் தொங்குகின்றன. பெரும்பாலும் எல்லா இடத்திலும் நிறைக்குத்தான் விலை. ஒரு தச்சர் முப்பது வருடமாகத் தீட்டித் தீட்டி அரைவாசியாக்கிய உளியும், கழன்று விழுந்த படலைக் கொண்டியும் ஒரே தராசில் ஏறுகின்றன; கண்டெடுக்க ஆளில்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து லொறியேறிவிடுகின்றன.

அப்படி ஏறிப் போகாமல் சிலவற்றையாவது மீட்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு கருவி எதற்காகச் செய்யப்பட்டது, எந்த உலோகத்தால் ஆனது, யாருடைய கையில் எப்படி வேலை செய்தது என்பதற்கான சான்றுகள் எல்லாம் அதன் கறளோடும் அழுக்கோடும் தேய்மானத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டும். பிறகு துப்புரவாக்க வேண்டும். வேறொன்றாக மாற்றுவதைப் பற்றி எல்லாவற்றிற்கும் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இழப்பு நிச்சயம். அதை நான் என் கைப்பட அனுபவித்திருக்கிறேன்.

குவியலைக் கிண்டப் போகும்போது மூடிய சப்பாத்தும் தடித்த கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். ஏற்புத் தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு சிறு காந்தம், நுண்ணிய பல்லுள்ள சிறு அரம், பழைய பல்தூரிகை, அளவு நாடா, ஒரு தேசிக்காய் ஆகியவை போதும். எமது பகுதியில் இன்னுமோர் எச்சரிக்கை அவசியம். போர் நடந்த மண்ணிலிருந்து வந்த இரும்பு என்பதால், உருளை வடிவான, மூடப்பட்ட, என்னவென்று விளங்காத உலோகப் பொருள் குவியலில் தென்பட்டால் அதைத் தொடாமல் விலகிக் கடைக்காரருக்கும் பொலிசாருக்கும் சொல்லிவிடுங்கள்.

பார்த்தல்

கையில் எடுத்ததும் பெயரைத் தேட வேண்டாம், வேலையைத் தேடுங்கள். தலைப்பகுதி சிதைந்து காளான் குடைபோல் விரிந்திருந்தால் அது சுத்தியலாலோ கொட்டானாலோ அடிபட்ட கருவி. பிடி மரத்துக்குள் நுழையும் வால் இருக்கிறதா, பிடியை உள்ளே ஏற்கும் குழல் இருக்கிறதா என்று பாருங்கள். குழல் வைத்த உளி பலத்த அடியைத் தாங்கச் செய்யப்பட்டது. வாயின் சரிவு ஒரு பக்கம் மட்டுமென்றால் உளி, வாச்சி, சீவுளி அலகு என்ற குடும்பம்; இரு பக்கமும் சரிந்திருந்தால் கோடாலியும் கத்தியும். மெல்லியதாக, அகன்று, வாய் வளைந்து, கையில் எடுத்தால் பாரமே தெரியாத கத்தி ஒன்று கண்ணில் பட்டால் அது பாளை சீவிய கத்தியாக இருக்கக்கூடும். கள் இறக்குவோர் நாளாந்தம் தீட்டி வைத்த கருவி என்பதால் அதன் உருக்கு பெரும்பாலும் முதல்தரமாகவே இருக்கும்.

கறள் பிடித்த நிலையில் உளி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்ளும் ஒரு கருவியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறாவூர்ப் பக்கம் ஒரு குவியலில் எனக்கு அகப்பட்டது அது. கைப்பிடி இல்லை, உடம்பு முழுவதும் இரும்பு. கழுத்து உருண்டு, கீழே போகப் போக விசிறிபோல் அகன்று, வாய் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இருந்தது. தலை அடிபட்டு விரிந்திருந்தது. மழுங்கிய உளி என்று முடிவு செய்து, வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சாணையில் பிடித்துக் கூராக்கினேன். பாதி வேலையில்தான், இன்னும் அராத மறு பாதியின் வாய் நெடுக நெல்மணியளவு அகலத்தில் ஒரு பள்ளம் ஓடுவதைக் கண்டேன். மழுங்கிய வாயில் அப்படியொரு நேரான பள்ளம் தேய்மானத்தால் வராது. அது செய்யும்போதே இட்ட பள்ளம். கருவி உளியன்று, வள்ளம் கட்டுவோர் பலகை இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ அடித்து இறக்கும் கலப்பற்று இரும்பு. அந்தப் பள்ளம் நாரை அறுக்காமல் அணைத்துத் தள்ளுவதற்காகவே இருக்கிறது. கூராக்கிய பாதி இனி நாரை வெட்டிவிடும். பைபர் வள்ளங்கள் வந்த பிறகு இந்த வேலை அருகிவிட்டது. ஆகவே ஒரு கலப்பற்று இரும்பைக் கெடுத்தால் அதற்குப் பதிலாக இன்னொன்று எளிதில் வராது. அன்றிலிருந்து மழுங்கிய வாயுள்ள எந்தக் கருவியையும், அது மழுங்கியே இருக்க வேண்டியதா என்ற கேள்வியைக் கேட்காமல் சாணைக்குக் கொண்டுபோவதில்லை.

அடுத்தது உலோகம். வாய்ப்பகுதியில் சிறு அரத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அரம் கடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் அது பதம் ஏற்றிய, அதாவது சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய, உருக்கு. இலகுவாகக் கடித்துத் தூள் கொட்டினால் மெல்லிரும்பு அல்லது பதம் இழந்த உருக்கு. வார்ப்பிரும்பை அதன் கனத்த உருவமும் சொரசொரப்பான முகமும் காட்டிக்கொடுக்கும். அது வளையாது, வெடிக்கும். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் குறையில்லாத உருக்கு மணிபோல் ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் ஒலி செத்துவிடும். வீட்டில் சாணைச் சக்கரம் இருந்தால் பொறியைப் பாருங்கள்: கரிமம் கூடிய உருக்கின் பொறி கிளை கிளையாக வெடித்துப் பூக்கும், மெல்லிரும்பின் பொறி நீண்ட நேர்கோடாக ஓடும், வார்ப்பிரும்பின் பொறி சிவந்து குட்டையாக அணைந்துவிடும்.

தேசிக்காயை எதற்குக் கொண்டுவரச் சொன்னேன் என்றால், பழைய கொல்லர்கள் முழுக் கருவியையும் உருக்கில் செய்வதில்லை. உடம்புக்கு மெல்லிரும்பும் வாய்க்கு மட்டும் ஒரு உருக்குத் தகடும் வைத்து உலையில் அடித்து ஒட்டுவார்கள். உருக்கு விலை கூடியது என்பதோடு, மெல்லிரும்பு உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதும் காரணம். வாயின் பக்கவாட்டில் அரத்தால் விரல்நக அளவு வெளுப்பாக்கி, தேசிக்காய்த் துண்டைத் தேய்த்துச் சில நிமிடம் விடுங்கள். உருக்கு கறுக்கும், மெல்லிரும்பு சாம்பல் வெள்ளையாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே கோடு தெரிந்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு உருக்கு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கருவியின் மீதி ஆயுள். முழுவதும் வெள்ளையாகவே இருந்தால் உருக்குத் தேய்ந்து முடிந்துவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

முத்திரைகள்

பல்தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டுச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தில் காஸ்ட் ஸ்டீல் என்று பொறித்திருந்தால் அதை வார்ப்பிரும்பு என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். அது மூசை என்ற உருக்கும் பாத்திரத்தில் உருக்கி எடுத்த தரமான உருக்கைக் குறிக்கும் சொல். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய முறை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நல்ல உளிகளிலும் வாள்களிலும் இந்தச் சொல் இடம்பெற்றது. வாள் பிடியின் பித்தளைப் பதக்கத்தில் வாரண்டட் சுப்பீரியர் என்றிருந்தால் அது கம்பனியின் பெயரன்று. பல கம்பனிகள் தம் பெயரைப் போடாமல் விற்ற வாள்களில் இட்ட பொதுச் சொல். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி பிரித்தானிய அரசின், பெரும்பாலும் படைத்துறையின், உடைமைக் குறி. சிலோன் என்ற பெயர் பொறித்தவை நாட்டின் பெயர் மாறிய 1972க்கு முந்தியவை என்று கொள்ளலாம்.

சீ. ஜீ. ஆர். என்ற எழுத்துகள் இலங்கை அரசாங்கப் புகையிரதத்தைக் குறிக்கும். மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்தது 1928இல். ஆனால் புகையிரதம், மின்சாரம், தொலைபேசி சார்ந்த உடைமைக் குறிகளைக் கண்டால், அது முறையான ஏலத்தில் வந்ததா என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் வைத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல கருவியானாலும் களவு இரும்பு வீட்டுக்கு வேண்டாம்.

இரும்புச் சீவுளிகளில் எமது பகுதியில் கையில் அகப்படுபவை பெரும்பாலும் ஸ்டான்லி அல்லது ரெக்கோர்ட். ஸ்டான்லியின் நாலாம் இலக்கமும் ரெக்கோர்டின் சைபர் நாலும் ஒரே அளவு: ஏறத்தாழ பத்து அங்குல நீளம், இரண்டு அங்குல அலகு. ஐந்தாம் இலக்கம் பதினான்கு அங்குலம். வாங்கும் முன் அடித்தளத்தின் வாய்த்துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு வெடித்தால் வீட்டில் ஒட்ட வழியில்லை. திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்பதும் முக்கியம், ஏனென்றால் ஸ்டான்லியின் சில மரைகள் சந்தையில் விற்கும் எந்த ஆணிக்கும் பொருந்தாதவை. மரச் சீவுளி என்றால் கதை வேறு. கட்டையைக் கறையான் தின்றிருந்தாலும் அலகு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தடித்து, மேலிருந்து கீழாகக் கனம் கூடிவரும் அந்தப் பழைய அலகுகளுக்கு முதிரையிலோ பாலையிலோ புதுக் கட்டை செய்வது ஒரு தச்சருக்கு ஒருநாள் வேலை.

ஸ்பனர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலை அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனி. பழைய நெல் ஆலைகளிலோ இங்கிலாந்தின் லிஸ்டர் இயந்திரங்கள் ஓடின. ஆகவே அம்பாறை, கல்முனை, சம்மாந்துறைக் குவியல்களில் இரு நாட்டு அங்குல அளவுகளும் கலந்து கிடந்தால் வியப்பதற்கில்லை. அமெரிக்க ஸ்பனரில் உள்ள எண் அதன் வாயின் அகலம். டபிள்யூ என்ற எழுத்தோடு வரும் ஆங்கிலேய விட்வேர்த் ஸ்பனரில் உள்ள எண் போல்ட்டின் தண்டு விட்டம். வாய் அதைவிடப் பெரிது. 7/16 டபிள்யூ என்று பொறித்த ஸ்பனரின் வாயை அளந்தால் 0.82 அங்குலம், அதாவது ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் வரும். எண்ணை நம்பி வாங்காதீர்கள். வாயை அளந்து வாங்குங்கள்.

கறளை எடுத்தல்

முத்திரையைக் கண்டபின் அந்த இடத்தைப் படமெடுத்து வைத்துவிட்டுத்தான் துப்புரவைத் தொடங்க வேண்டும். கிரைண்டரில் கம்பித் தூரிகையைப் பூட்டி ஒரே மூச்சில் பளபளப்பாக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை; ஆழம் குறைந்த எழுத்துகள் அதில்தான் அழிகின்றன. பழைய இடுக்கிகளிலும் இயந்திரங்களிலும் உள்ள தடித்த பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசியாக்காமல் நனைத்துச் சுரண்டுங்கள். சிறுபிள்ளைகள் அருகில் நிற்க வேண்டாம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்கிற எமக்குக் கறளைவிடப் பெரிய பகை அதற்குள் ஒளிந்திருக்கும் உப்பு. கல்லடியிலோ காரைதீவிலோ வருடக்கணக்காகக் கிடந்த இரும்பைத் தேய்த்து வெளுப்பாக்கி வைத்தால் மறுநாள் காலையில் மீண்டும் செம்மஞ்சளாகிவிடுவதற்கு அதுவே காரணம். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து, மேல்கறளைச் சுரண்டிய பின் கருவியை அதில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றி, ஐந்தாறு நாள் பொறுத்திருங்கள். ஆழக் குழி விழுந்த இரும்பென்றால் மரப்பிடியைக் கழற்றிவிட்டு அதே தண்ணீரில் கொதிக்க வைப்பதும் நல்லது.

மிதமான கறளுக்குத் தென்னை வினாகிரி போதும். கருவி முழுதாக அமிழும்படி ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் தேய்த்துக் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அமிழ்த்திப் புளிப்பை முறித்து, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஒரு நாளுக்கு மேல் விட்டால் வினாகிரி கறளோடு நில்லாமல் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். மெல்லிய வாள் அலகைச் சில மணித்தியாலத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

இறுகிப்போன கறளுக்கு மின்முறை சிறந்தது. பிளாஸ்டிக் வாளியில் நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, 12 வோல்ற் பற்றரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும் நேர்முனையை ஒரு வீண் இரும்புத் துண்டிலும் பூட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். முனைகளை மாற்றிப் பூட்டினால் கருவியே கரையும். வீண் இரும்புக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்கை வைத்தால் நச்சுத்தன்மையான குரோமியம் தண்ணீரில் கலக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகடும் ஆகாது. சோடாவுக்குப் பதிலாக உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். சரியாகப் பூட்டினாலும் ஐதரசன் கிளம்புவதால் இதைத் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். மின்னை நிறுத்தாமல் வாளிக்குள் கைவைக்கக் கூடாது.

மாற்றுவதா, வைத்திருப்பதா

தன் பழைய வேலையைச் செய்யக்கூடிய கருவியை வேறொன்றாக்காதீர்கள். வாச்சியின் தலையை மாட்டிச் சுவரில் அலங்காரம் செய்வதும், நல்ல அரத்தைக் கத்தியாக்குவதும் எனக்கு மனவருத்தம் தருபவை. உடைந்தது, தேய்ந்தது, பாதியை இழந்தது ஆகியவைதான் மாற்றத்துக்கு உரியவை. அவற்றிலிருந்து கிடைப்பது கொஞ்சமன்று.

நடுவே முறிந்த கைவாள் மிகவும் பயனுள்ளது. அதன் அலகு வில்தன்மையுள்ள உருக்கு. கையகலச் செவ்வகங்களாக வெட்டி, விளிம்பை அரத்தால் நேராக்கி, உருண்டையான உருக்குக் கம்பியால் அழுத்தி உருட்டி ஒரு நுண்ணிய கொக்கியை எழுப்பினால், முதிரைப் பலகையை மண்கடதாசியைவிட அழகாக மெருகேற்றும் சுரண்டி கிடைக்கும். முதிரையின் இழை மாறி மாறி ஓடுவதால் சீவுளி பிய்க்கும் இடத்தில் இந்தச் சுரண்டி பிய்க்காது. மீதித் துண்டுகளில் சாந்துக் கரண்டியும் நாற்றுமேடைக் களைகொத்தியும் செய்யலாம்.

பல் தேய்ந்த அரத்தில் மரம் கடையும் உளி, சுரண்டி, சிறு கத்தி செய்யலாம். ஆனால் அரம் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. அப்படியே பாவித்தால் வேலையின் நடுவில் முறிந்து முகத்தில் தெறிக்கும். பற்களை முழுதாக அரைத்தெடுத்த பின், கேக் சுடும் சிறிய மின்சாரப் போறணையில் 220 பாகை செல்சியஸ் அளவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்து எடுங்கள். வெளுப்பான முகம் வைக்கோல் மஞ்சளாக மாறும். அது கூரும் உறுதியும் சேர்ந்த பதம். சாணையில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, நீலம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலம் ஏறிய இடத்தில் கூர் நிற்காது. லொறியின் வில்தகடு காட்டுக்கத்திக்கு மிகச் சிறந்த உருக்கு என்பது எமது கொல்லர் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதை உலையில் அடித்துப் பதமேற்றும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுவது நல்லது. நாகம் பூசிய எதையும் உலையில் இடக் கூடாது. அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வாய் தேய்ந்து குட்டையான மண்வெட்டியைப் பாத்தி கட்டவும், முனை மழுங்கிய அலவாங்கைக் கூராக்கி நிலத்தில் நட்டுத் தேங்காய் உரிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

பிடி போடுவதில் எமது காலநிலையைக் கவனிக்க வேண்டும். மாரியில் வெட்டிய ஈர மரத்தைப் பிடியாக இறுக்கினால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது சுருங்கித் தலை கழன்று பறக்கும். கோடாலிக்குச் சவண்டலை நல்லது. திருகோணமலை மரம் என்று ஆங்கிலேயர் ஏற்றுமதி செய்ததும் அதன் வளைந்து கொடுக்கும் உறுதிக்காகத்தான். நிழலில் நன்றாக உலர்த்தி, கச்சான் காலத்திலேயே செதுக்கி, ஆப்பு வைத்து இறுக்குங்கள். தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஊறிய மரம் இரும்பின் கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னையை விடச் சிறுத்துவிடுவதால் அது தளர்ச்சியை இன்னும் கூட்டுகிறது. தண்ணீருக்குப் பதிலாகப் புது ஆப்பு ஒன்றை வையுங்கள்.

வேலை முடிந்த கருவியைத் துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி, வாவிக்காற்று நேரே படாத அறையில் தொங்கவிடுங்கள். தேங்காயெண்ணெய் கைக்கு நல்லது, ஆனால் காலப்போக்கில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். நாள்பட வைப்பதற்கு இயந்திர எண்ணெயே மேல். எங்கே கிடைத்தது, எந்த வேலைக்குரியது என்று ஒரு துண்டில் எழுதி நூலால் கட்டிவிடுங்கள். என் கலப்பற்று இரும்பும் அப்படியொரு துண்டோடுதான் தொங்குகிறது: கூராக்கிய பாதி எது, கூராக்காத பாதி எது என்று அதில் எழுதியிருக்கிறேன். ஐப்பசியில் முதல் மழை விழும் முன் ஒவ்வொன்றையும் இறக்கிப் பார்த்து மறுபடி எண்ணெய் தொட்டுவைப்பேன்.